தொண்டுக்கு வந்த கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் படித்த பிள்ளைக்கு அந்நியக் கம்பெனியில் வேலை கிடைத்தால்தான் பெருமை என்ற எண்ணம் தாராவியிலும் மாட்டுங்காவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் வேரூன்றியிருக்கிறது. கடன்பட்டுப் படிக்க வைத்த தந்தை அப்படி நினைப்பதில் குற்றமில்லை. ஆனால் செயற்கை நுண்ணறிவு என்னும் புதிய துறை இதே மும்பையில் வேறொரு வாசலையும் திறந்திருக்கிறது.

2008-ல் டாக்டர் அபர்ணா ஹெக்டே தொடங்கிய 'அர்மான்' என்ற தொண்டு நிறுவனம், கர்ப்பிணிகளுக்கும் இளந்தாய்மார்களுக்கும் பதிவு செய்த குரலில் சுகாதார யோசனைகளை டெலிபோன் மூலம் இலவசமாக வழங்கி வருகிறது. சில வாரங்களில் பலர் கேட்பதை நிறுத்தி விடுகிறார்கள். ஊழியர் ஒருவர் கூப்பிட்டுப் பேசினால் மீண்டும் கேட்கக்கூடும். தாய்மாரோ லட்சக்கணக்கில், ஊழியர்களோ சிலர். யாரை முதலில் கூப்பிடுவது?

இதற்கு விடை காண பேராசிரியர் மிலிந்த் தாம்பேயும் கூகுள் ஆராய்ச்சியாளர்களும் அந்நிறுவனத்துடன் சேர்ந்து உழைத்தனர். வயது, படிப்பு, இதுவரை கேட்ட விதம் ஆகியவற்றைக் கொண்டு, யாரிடம் பேசினால் பலன் அதிகம் என்று கம்ப்யூட்டர் கணித்துச் சொல்கிறது. சுமார் 23,000 தாய்மாரிடையே நடந்து 2022-ல் வெளியான ஆய்வில், விலகுவது சுமார் 30 சதவீதம் குறைந்ததாகத் தெரிந்தது.

கணக்கு மட்டும் தெரிந்தால் இந்த வேலைக்குப் போதாது. கம்ப்யூட்டருக்குத் தெரிவது ஒரு நம்பர். அந்தப் போன் கணவனின் சட்டைப் பையில் இருக்கலாம். அவன் ஷிப்ட் முடிந்து வீடு திரும்ப இரவு பத்து மணி ஆகலாம். அவள் பிரசவத்திற்குத் தாய்வீடு போயிருக்கலாம். பேசினால் பலன் குறைவு என்று ஒதுக்கப்படும் பெண்ணே உதவி மிகவும் தேவைப்படுபவளாகவும் இருக்கக்கூடும். அவளை விட்டுவிடலாமா என்று கம்ப்யூட்டர் தானாகக் கேட்காது. அதை இயக்குபவர்தான் கேட்க வேண்டும். சாலில் வளர்ந்து, தமிழோடு இந்தியும் மராத்தியும் பேசும் குமாஸ்தா வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த விவரமெல்லாம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

சம்பளம்தான் சிக்கல். தொண்டு என்பதற்காக வாடகையும் ரேஷனும் குறைந்து விடுவதில்லை. 2013-ம் ஆண்டு கம்பெனிச் சட்டப்படி பெரிய கம்பெனிகள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கருவிக்குத் தாராளமாகக் கொடுப்பவர்கள், அதை இயக்கும் இளைஞனின் மாதச் சம்பளம் என்றதும் கையை இழுத்துக் கொள்வது நியாயமல்ல. நிதி வழங்கும்போதே நிரந்தர ஊழியர்களுக்கான ஊதியத்தையும் அதில் சேர்த்து ஒதுக்க வேண்டும்.