வட்டிக் கணக்கைப் பள்ளியில் கற்றுக் கொடுங்கள்!

திருவேங்கடம் வட்டாரத்தில் தீப்பெட்டி ஆபீசிலும் ஆலையிலும் வயலிலும் பாடுபடும் நமது மக்களுக்கு, கூலி கைக்கு வரும் நாளே தண்டல்காரர் வாசலில் வந்து நிற்கும் நாள். அவர்களுடைய பிள்ளைகள் எட்டாம் வகுப்பில் கூட்டு வட்டி படிக்கிறார்கள். புத்தகத்து வட்டி 100க்கு 8, 10 என்று சாதுவாக இருக்கிறது. வாசலுக்கு வரும் வட்டி அப்படியல்ல. இரண்டையும் ஒரே கரும்பலகையில் எழுத வேண்டும் என்கிறோம் நாம்.

உதாரணமாக ஒரு கணக்கு. 10,000 ரூபாய் கடன். 1,500 ரூபாயை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு 8,500 ரூபாய் தருகிறார்கள். வாரம் 1,000 வீதம் 10 வாரம் கட்ட வேண்டும். "100க்கு 15தானே வட்டி!" என்பார் தண்டல்காரர். ஆனால் முதலும் வாராவாரம் திரும்பிப் போய்க்கொண்டே இருக்கிறதே! மீதியிருக்கும் கடனுக்குக் கணக்குப் பார்த்தால் வாரத்துக்கு 100க்கு 3 ரூபாய். வருஷத்துக்கு 100க்கு ஏறத்தாழ 160 ரூபாய்! இந்தக் கணக்கைப் போடத் தெரிந்த பிள்ளை, அப்பா கைநாட்டு வைக்குமுன் தடுத்துக் கேட்கும்.

பாடத்துக்குச் செய்திகள் பஞ்சமில்லை. 2017 அக்டோபர் 23 அன்று நெல்லை கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில், கந்துவட்டிக் கொடுமை தாளாமல் ஒரு கூலித் தொழிலாளி மனைவி, இரு குழந்தைகளுடன் தீக்குளித்து மாண்டார். அன்று நமது வட்டாரமும் அந்த ஜில்லாவில்தான் இருந்தது. அதீத வட்டியைத் தடுக்கும் சட்டம் 2003லேயே வந்துவிட்டது. சட்டம் இருந்தது, அதை அமல் நடத்தும் கை எங்கே போயிற்று? இதையும் மாணவர் கேட்கட்டும்.

2022ல் ஆருத்ரா நிறுவன வழக்கு வெளிவந்தது. மாதம் 100க்கு 30 ரூபாய் வரை தருவதாக ஆசை காட்டி, சுமார் 1 லட்சம் பேரிடம் 2,400 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டியதாகப் போலீசார் குற்றம் சாட்டினர். நான்கே மாதத்தில் போட்ட முதலுக்கு மேல் வட்டி தரும் வியாபாரம் உலகில் எது? ஆசிரியர் இந்த ஒரு கேள்வியைக் கேட்டால் போதும்.

2025 ஜூனில் ரிசர்வ் வங்கி நகைக் கடன் விதிகளை மாற்றியது. இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 100க்கு 85 வரை தரலாம் என்றது. கூடுதல் பணம் கிடைப்பது லாபமா, மீட்கும் பாரம் கூடுவதா? தாயின் கம்மலை அடகில் பார்த்த பிள்ளைக்கு இது வெறும் சதவீதக் கணக்கல்ல.

ஆனால் ஒரு எச்சரிக்கை. "சிக்கனம் தெரியாததால் ஏழை கெட்டான்" என்று உபதேசிக்கும் பாடம் நமக்கு வேண்டாம். சேமிப்பை நாம் இகழவில்லை. ஆனால் வரவு ஒரு பக்கமும், அரிசி, மருந்து, பஸ் கட்டணம் மறுபக்கமும் எழுதிப் பார்த்தால், பல வீடுகளில் குறைவது சிக்கனமல்ல, கூலிதான் என்பதை அந்தக் கணக்கே சொல்லும்.

ஆசிரியர்களே! வாரம் ஒரு பாடவேளை, ஒரு பத்திரிகைச் செய்தி, ஒரு கணக்கு. இதைத் தொடங்குங்கள். பெற்றோரே! உங்கள் கடன் சீட்டைப் பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். தொழிற்சங்கத் தோழர்களே! மாலையில் பெரியவர்களுக்கும் இதே கணக்கைச் சொல்லிக் கொடுங்கள்.

கணக்குத் தெரிந்த உழைப்பாளியை ஏய்ப்பது எளிதல்ல!