செயினை இறுக்கிய கையோடு பிரேக்கையும் பாருங்கள்!

வண்டி வாகனம் - கேள்வி பதில்

“என்னிடம் 100 சி.சி பைக் உள்ளது. காலையும் மாலையும் 20 லிட்டர் கேன் இரண்டைக் கட்டிக்கொண்டு, 6 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் சொசைட்டிக்குப் பால் கொண்டு போகிறேன். போன வாரம் நானே பின்சக்கரத்தைக் கழற்றி, டிரம்மைத் துடைத்து, கிரீஸ் வைத்து, செயினையும் இறுக்கி மாட்டினேன். அதிலிருந்து காலால் எவ்வளவு மிதித்தாலும் பிரேக் சரியாகப் பிடிப்பதில்லை. ஆனால், சொசைட்டி போய்ச் சேர்வதற்குள் டிரம் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகிவிடுகிறது. பிடிக்காத பிரேக் எப்படி உரசும்? ஷூ மாற்றினால் சரியாகுமா?”

- வாசகர், திண்டிவனம் வட்டம்.

“முதலில் ஒன்று. இதைச் சரிசெய்யும் வரை அந்த வண்டியில் கேன் கட்டாதீர்கள், பிள்ளைகளையும் பின்னால் ஏற்றாதீர்கள். 40 லிட்டர் பாலோடு இறக்கத்தில் போகும்போது முன்பிரேக்கை மட்டும் நம்ப முடியாது.

உங்கள் வண்டியில் இருப்பது இரண்டு கோளாறுகள். ஒன்று செயினை இறுக்கியதால் வந்தது; இன்னொன்று பெரும்பாலும் கிரீஸால் வந்தது.

செயினை இறுக்கும்போது நாம் செயினைத் தொடுவதில்லை, சக்கரத்தைத்தான் பின்னுக்கு நகர்த்துகிறோம். சக்கரத்தோடு பிரேக் தட்டும் பின்னால் போகிறது. ஆனால், பெடலிலிருந்து வரும் பிரேக் ராடின் நீளம் அப்படியேதான் இருக்கிறது. அதனால், நீங்கள் மிதிக்காமலேயே ராடு இழுபட்டு, ஷூ டிரம்மைத் தொட்டபடி நிற்கும். ஓட ஓட உரசிச் சூடேறும். சூடேறிய டிரம்மில் பிடிமானம் இன்னும் குறையும். பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகும். செயின் இறுக்கினால் பிரேக்கையும் திரும்ப வைக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் பின்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். தங்குதடையில்லாமல் சுற்ற வேண்டும். இழுத்துப் பிடித்தால், ராடின் முனையில் உள்ள நட்டைச் சுற்றுச் சுற்றாகத் தளர்த்துங்கள். பெடலின் நுனி 20 முதல் 30 மி.மீ இறங்கிய பிறகே பிரேக் பிடிக்கத் தொடங்க வேண்டும். அந்த நட்டில் அரைவட்டமாக ஒரு பள்ளம் இருக்கும். அது உருளைப் பின்னில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பாதியில் நின்றிருந்தால் நாலு மிதியில் தானாக நழுவி, வைத்த அளவு மாறிவிடும். செயினையும் அளவுக்கு மீறி இறுக்க வேண்டாம். 100 சி.சி வண்டிகளில் பொதுவாக 20 முதல் 30 மி.மீ தொய்வு இருக்க வேண்டும். உங்கள் வண்டிக்கான அளவு கையேட்டில் இருக்கும். சுமை ஏறும்போது செயின் இன்னும் இறுகும் என்பதால் பால் வண்டிக்கு இது முக்கியம்.

இனி, பிடிக்காத பிரேக். கிரீஸ் வைக்க வேண்டிய இடங்கள் இரண்டே. ஷூவை விரிக்கும் கேம், எதிர்முனையில் ஷூ மாட்டியிருக்கும் பின். அதுவும் விரல்நுனியில் தொட்டுத் தடவினால் போதும். அதிகம் வைத்தால் சூட்டில் உருகி லைனிங்கில் இறங்கும். கழற்றிப் பாருங்கள். லைனிங் கறுத்துப் பளபளவென்று இருந்தால் கிரீஸ் குடித்துவிட்டது என்று அர்த்தம். சிலர் அதை நெருப்பில் காட்டி எரிப்பார்கள், சிலர் பெட்ரோலில் ஊறப்போடுவார்கள். இரண்டையும் நான் ஒப்புக்கொள்வதில்லை. உள்ளே ஊறியது சூட்டில் திரும்ப வெளியே வரும். அப்படியிருந்தால் புது ஷூதான் வழி. சில நூறு ரூபாயோடு முடிந்துவிடும். டிரம்மை மட்டும் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதாதீர்கள். சில லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கும், நுரையீரலுக்கு ஆகாது. ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

லைனிங் காய்ந்து சுத்தமாக இருந்தால், வெளியே பிரேக் ஆர்மைப் பாருங்கள். கழற்றும்போது அதையும் எடுத்திருந்தால், ஒரு பல் தள்ளி மாட்டியிருக்க வாய்ப்பு உண்டு. கேம் முனையிலும் ஆர்மிலும் இருக்கும் புள்ளிக்குறிகள் ஒன்றுக்கொன்று நேராக இருக்க வேண்டும். தேய்ந்த ஷூவை இன்னும் கொஞ்ச நாள் ஓட்டுவதற்காக, வேண்டுமென்றே ஒரு பல் தள்ளி மாட்டிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். கேம் அளவுக்கு மீறித் திரும்பி அப்படியே சிக்கிக்கொண்டால், ஓடும் வண்டியில் சக்கரம் பூட்டிவிடும். இந்தச் சிக்கனம் வேண்டாம்.

மாட்டும்போது ஒரு விஷயம். அச்சு நட்டைக் கடைசியாக முறுக்கும் நேரத்தில், வீட்டில் ஒருவரை பிரேக் பெடலை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். ஷூ இரண்டும் டிரம்மின் நடுவில் சமமாக உட்காரும். மிதித்தால் பஞ்சு போல இருக்கும் பிரேக் பல நேரம் இதிலேயே சரியாகிவிடும். இருபக்கமும் செயின் அட்ஜஸ்டர் கோடுகள் ஒரே அளவில் இருக்கட்டும். பிரேக் தட்டையும் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கையும் இணைக்கும் இரும்புப் பட்டையின் நட்டையும் காட்டர் பின்னையும் கட்டாயம் பாருங்கள். அது விட்டுப்போனால், பிரேக் அடித்ததும் தட்டு சக்கரத்தோடு சேர்ந்து சுழன்று வண்டியைக் கவிழ்த்துவிடும். நான் பயப்படுவது இதற்குத்தான்.

2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டி என்றால், கால் பெடலை மிதிக்கும்போது முன்பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் அமைப்பு இருக்கலாம். அதில் முன்சக்கரமும் இழுபடாமல் சுற்றுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும், களத்திலோ காலி இடத்திலோ வெறும் வண்டியை மெதுவாக ஓட்டி மிதித்துப் பாருங்கள். பிறகு 2 கிலோமீட்டர் போய் வந்து டிரம் பக்கம் கையைக் கொண்டுபோங்கள். வெதுவெதுப்பு இருக்கலாம், அனல் அடித்தால் நட்டை இன்னும் தளர்த்த வேண்டும். மறுநாள் முதல் கேன் கட்டலாம்.”

“முன்பக்க டிஸ்க் பிரேக்குக்கு வீட்டிலேயே பேட் மாற்றினேன். லீவர் கைப்பிடி வரை போய் ஒட்டுகிறது. என்ன காரணம்?”

- வாசகி, பல்லடம்.

“புது பேட் நுழைவதற்காக பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பீர்கள். அது வெளியே வந்து பேடைத் தொடும் வரை, வண்டியை நகர்த்தாமல் லீவரைப் பலமுறை அழுத்தி அழுத்தி விடுங்கள். கெட்டியாகிவிட்டால் கோளாறு இல்லை. அதன் பிறகும் மெத்தென்று இருந்தால் குழாயில் காற்று புகுந்திருக்கும். அதை எடுக்க மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டே போங்கள், ஓட்டிப் போகாதீர்கள். ஆயில் குறைந்தால் மூடியில் எழுதியிருக்கும் ரகத்தை மட்டும் ஊற்றுங்கள். இன்ஜின் ஆயில் ஊற்றினால் ரப்பர் சீல்கள் ஊதிப்போகும். பிரேக் ஆயில் டேங்கில் சிந்தினால் பெயின்ட் உரியும். உடனே தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள்.”