சற்று முன் 22.1 அடி!

நவம்பர் பிறந்துவிட்டால் குன்றத்தூர் டீக்கடைகளில் ஒரே கேள்விதான். "செம்பரம்பாக்கம் எத்தனை அடி ஸார்?"

ஏரியின் முழு உயரம் 24 அடி. 22-ஐத் தொட்டதும் டி.வி. நிருபர்கள் குடையோடு ஷட்டர் பக்கத்தில் போய் நின்றுகொள்வார்கள். பின்னால் தண்ணீர் சத்தம், முன்னால் இவர் சத்தம். "சற்று முன் 22.1 அடி!" திறந்தது விநாடிக்கு 100 கன அடியாக இருந்தாலும் திரையில் எழுத்து அதே சிவப்பு, அதே சைஸ். (2019 ஜூனில் ஏரி வறண்டு கிடந்தபோதும் வந்தார்கள். குடை, வெயிலுக்கு.)

2015 டிசம்பர் 1 ராத்திரி திறந்தது 29,000 கன அடி. அடையாற்றங்கரையில் பல பேருக்கு அந்தச் சேதியை முதலில் சொன்னது வீட்டுக்குள் வந்த தண்ணீர்தான்.

தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை. அதே வாரம் பாரீஸில் பருவநிலை மாநாடு வேறு. கேட்க வேண்டுமா? சென்னை வெள்ளத்துக்குக் காரணம் புவி வெப்பமே என்று உலகம் பூராவும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். 2016-ல் சர்வதேச விஞ்ஞானிகள் குழு ஒன்று கணக்குப் போட்டுப் பார்த்தது. அந்த ஒருநாள் மழையில் புவி வெப்பத்தின் கைவரிசை எதுவும் பிடிபடவில்லை.

ஆபீஸ் நண்பர் துள்ளிக் குதித்தார். "பார்த்தீங்களா ஸார், அத்தனையும் புருடா!"

இல்லை ஸார். ஒரு ராத்திரி மழையை வைத்துக்கொண்டு ஆமாம் என்றும் சொல்லக்கூடாது, இல்லை என்றும் சொல்லக்கூடாது. பார்க்கவேண்டிய அளவுகோல் வட துருவத்தில் இருக்கிறது. 1979-லிருந்து ஆர்க்டிக் பிரதேசம் உலக சராசரியைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடாகி வருகிறது. வெள்ளைப் பனி வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். பனி போனால் கீழே இருக்கிற கறுத்த கடல் அதைக் குடித்துவிடும். சந்தேகமிருந்தால் மே மாசம் வெள்ளையடித்த மொட்டை மாடியிலும் தார் ரோட்டிலும் செருப்பில்லாமல் நடந்து பாருங்கள்.

அங்கேயும் ஒரு வருஷத்தை நம்பினால் கவிழ்ந்தோம். தென் துருவத்துக் கடல் பனி 2014-ல் பரப்பளவில் ரெக்கார்ட் வைத்தது. 2023 குளிர்காலத்தில் எதிர்த்திசையில் இன்னொரு ரெக்கார்ட். தென் துருவத்தில் நமக்கு மைத்ரி, பாரதி என்று இரண்டு ஆய்வு நிலையங்கள், வடக்கே ஸ்வால்பார்டில் 2008-லிருந்து ஹிமாத்ரி. வருஷக் கணக்கில் குறித்து வைத்தால்தான் ஏதாவது புரியும். பத்து வருஷத்துக்கு ஒரு டிகிரிகூட ஏறாத சமாசாரத்தை எந்த நிருபர் "சற்று முன்" என்று சொல்ல முடியும்?

ஆனால் அது நம்மூர் சமாசாரமும்தான். கிரீன்லாந்தில் நிலத்தின் மேலிருக்கும் பனி உருகினால் கடல் ஏறும். 1993-லிருந்து உலகக் கடல் மட்டம் சுமார் 10 செ.மீ. ஏறியிருக்கிறது. செம்பரம்பாக்கத்தில் திறக்கிற தண்ணீர் அடையாறு வழியாகக் கடலில்தான் போய் விழவேண்டும். கடல் உயர உயர, முகத்துவாரத்தில் வடிவது மந்தமாகும்.

இதையெல்லாம் டீக்கடையில் விஸ்தாரமாகச் சொன்னேன். அனகாபுத்தூரில் குடியிருக்கும் மாஸ்டர் டீயை ஆற்றிக்கொண்டே பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் சரி ஸார். ராத்திரி தொறந்தா எங்களுக்கு முன்னாடியே சொல்லுவாங்களா?"