பார்க்கிறவர் பதில் பேசட்டும்

நான் ஸ்ரீரங்கத்தில் பிறந்து வளர்ந்தவள். ரங்கநாதர் கோயிலின் பகல்பத்துத் திருவிழாவில், பாசுரங்களைப் பாடி அபிநயிக்கும் அரையர் சேவைக்கு முன்கூட்டியே போய் இடம் பிடித்து உட்காருகிறவள். கல்லூரிப் பிள்ளைகளைச் சேர்த்து நாடகமும் போடுகிறேன்.

எங்கள் நாடகம் கணவனை இழந்த பெண்ணுக்குப் பூ மறுக்கிற வழக்கத்தைப் பற்றியது. மேடையில் ஒரு நாற்காலி காலியாக இருக்கும். பார்க்க வந்தவர்களில் ஒருவர் அதில் மாமியாராக உட்கார வேண்டும். அவர் சொல்லும் பதிலை வைத்துத்தான் கதை நகரும். உறையூரில் ஒரு தெருவில் ஆடியபோது, வந்து உட்கார்ந்த அம்மா "எங்க வீட்ல இதெல்லாம் வழக்கம் இல்ல" என்று பூவைத் தள்ளிவிட்டார். கூட்டத்தில் நின்ற அவர் மகளே எதிர்த்துப் பேச ஆரம்பித்துவிட்டாள். எங்கள் நடிகர்கள் ஒதுங்கி நின்றார்கள். நாங்கள் எழுதியிருந்தால் அப்படி ஒரு வசனம் வந்திருக்காது.

இதையே ஒரு மண்டபத்தில் போடக் கேட்டபோது, வசனம் முழுவதையும் காவல் நிலையத்தில் கொடுத்து, ஆட்சேபம் இல்லை என்று எழுதி வாங்கிவரச் சொன்னார்கள் மண்டபத்தார். யார் மனமாவது புண்பட்டால் என்ன செய்வது என்று கவலைப்பட்டார்கள். அந்த மகள் பேசப்போவதை நான் எப்படி முன்கூட்டியே எழுதிக் கொடுப்பது?

நாடக நடிகர் எம்.ஆர்.ராதா வாழ்ந்து, 1979-இல் மறைந்த ஊர் எங்கள் திருச்சி. இங்கே அவர் நடித்த ரத்தக்கண்ணீர் நாடகத்தைப் பார்த்த என் பெரியப்பா சொல்வார்: ராதா அன்றன்றைய செய்தியை மேடையிலேயே இழுத்துப் பேசுவாராம், கூட்டத்தில் யாராவது குரல் கொடுத்தால் அங்கேயே பதில் வருமாம். மனம் புண்படும் என்று நினைப்பவர்கள் வரவேண்டாம் என்று முன்னதாகவே அறிவித்துவிட்டு நாடகம் போட்டவர் அவர். 1954-இல் அவருடைய இராமாயண நாடகத்துக்குப் பெரும் எதிர்ப்பு கிளம்பியது. அதே ஆண்டு காமராஜர் அரசு நாடகங்களைக் கட்டுப்படுத்தச் சட்டம் கொண்டுவந்தது. ரத்தக்கண்ணீர் அந்த 1954-இலேயே சினிமாவாக வந்து, தணிக்கையையும் தாண்டி ஓடியது. சினிமா நேற்றுப் பேசியதைத்தான் இன்றும் பேசும். ஒவ்வொரு இரவும் மாறிய மேடைதான் ஆட்சியாளர்களை அச்சுறுத்தியது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அந்த நாடகச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று, எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்துவிட்டது. அதற்குப் பிறகும் எங்களிடம் வசனப் பிரதி கேட்கிறார்கள்.

மனம் புண்படும் என்பவர்களுக்கு என் அனுபவத்தையே சொல்கிறேன்: ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்கு எதிரே பெரியார் சிலை இருக்கிறது. 2006 டிசம்பரில், திறப்பதற்கு முன்பே அதன் தலையை உடைத்தார்கள். சில நாளிலேயே புதுச் சிலை வைத்தார்கள். கடவுள் இல்லை என்றவரின் சிலையைக் கடந்துதான் ரங்கநாதரைச் சேவிக்கப் போகிறேன். என் பக்தி குன்றிமணி அளவும் குறையவில்லை. பக்தர்கள் பெயரைச் சொல்லி நாடகத்தைத் தடுப்பவர்கள் என்னைப் போன்றவர்களையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

நாடகத்துக்கு வசனப் பிரதி கேட்கக் கூடாது என்று மாவட்ட நிர்வாகம் எல்லா மண்டபங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். எத்தனை பேர் வருவார்கள், ஒலிபெருக்கி எத்தனை மணி வரை என்று கேளுங்கள், சொல்கிறோம். வசனத்தில் ஆட்சேபம் உள்ளவர்கள் நாடகத்துக்கு வந்து, அந்த நாற்காலியில் உட்கார்ந்து சொல்லட்டும்.