குகைக்குள் இருப்பது கடவுளா, நம் பாட்டனா?

கோடை வந்துவிட்டால் சேலத்துக்காரர்கள் ஏற்காட்டுக்கும், ஆடிப் பதினெட்டு வந்துவிட்டால் நாமக்கல், ராசிபுரம் பக்கத்தார் கொல்லிமலைக்கும் கூட்டங்கூட்டமாகப் போகிறார்கள். வருஷமெல்லாம் தறியிலும், காட்டிலும், லாரிப் பட்டறையிலும் முதுகொடியப் பாடுபடுகிறவன் நாலு நாள் குளிர்ந்த காற்று வாங்கிவருவதை நாம் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் மலைமேல் இருக்கும் குகைகளுக்குள் குனிந்து போகிற நம் ஜனங்கள் அங்கே எதைப் பார்க்கிறார்கள், எதை அறிந்துகொண்டு வீடு திரும்புகிறார்கள் என்பதுதான் நமது கேள்வி. தேங்காயை உடைத்து, சூடத்தைக் கொளுத்தி, நெற்றியில் பூசிக்கொண்டு வருவதைத் தவிர வேறு பிரயோஜனம் ஏதேனும் உண்டா?

சேர்வராயன் மலை உச்சியில், சுமார் 5,300 அடி உயரத்தில், ஒரு குகைக்கோயில் இருக்கிறது. அந்தக் குகை பூமிக்குள்ளேயே நீண்டு காவிரி வரையில் போகிறதாம். கொல்லிமலையில் ஆகாய கங்கை அருவிக்குப் பக்கத்தில் கோரக்கர் குகை, காலாங்கிநாதர் குகை என்று காட்டுகிறார்கள். அங்கே சித்தர்கள் கண்ணுக்குத் தெரியாமல் இன்னும் தவம் செய்கிறார்களாம். நாமக்கல்லிலோ ஊர் நடுவே நிற்கும் மலையே மலையல்லவாம். அநுமான் கண்டகி நதியிலிருந்து கொண்டுவந்த சாளக்கிராமத்தைக் கீழே வைக்க, அது மலையாக வளர்ந்துவிட்டதாம். இந்த மூன்று கதைகளையும் படித்தவன், படியாதவன், பட்டதாரி, பஞ்சாயத்துத் தலைவர் எல்லோரும் ஒரே மாதிரி நம்புகிறார்கள். நம்முடைய படிப்பின் யோக்கியதைக்கு இதைவிட வேறு சாட்சியம் வேண்டியதில்லை.

சேர்வராயன் குகையை முதலில் எடுத்துக்கொள்ளுவோம். மைல் கணக்கில் நீளமான குகைகள் உலகத்தில் உண்டு. அவை பெரும்பாலும் சுண்ணாம்புக் கல்லில் உண்டாகின்றவை. மழைத் தண்ணீர் அந்தக் கல்லைச் சிறுகச் சிறுகக் கரைத்து வழி செய்துகொள்ளும். ஆந்திர தேசத்தில் அனந்தகிரி மலையிலுள்ள போரா குகை அப்படிப்பட்டது. அங்கே மேலிருந்து சொட்டுகிற சுண்ணாம்பு நீர் கீழே உறைந்து உறைந்து கல்லாக நிமிர்ந்திருக்கிறது. அதையும் நம்மவர்கள் சுயம்பு லிங்கம் என்று கும்பிடுகிறார்கள்! சேர்வராயன் மலையின் கல்லோ, தாமஸ் ஹாலண்ட் என்ற பூதத்துவ நிபுணர் சார்னோக்கைட் என்று பெயர் கொடுத்து விவரித்த கடினமான பாறை. தண்ணீரில் அது அப்படிக் கரைவதில்லை. பிளவும் இடுக்கும் உண்டாகுமே தவிர, காவிரி வரையில் சுரங்கம் உண்டாகாது. சந்தேகப்படுகிறவர்கள் விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போய்ப் பார்க்கட்டும். காவிரித் தண்ணீரில் ஒரு செம்பு மொண்டுவரட்டும். நாம் ஒப்புக்கொள்ளுகின்றோம்.

கொல்லிமலைச் சித்தர் சங்கதி இதைவிட வேடிக்கையானது. சித்தர் என்று பெயர் வாங்கினவர்களில் சிவவாக்கியரைப் போன்றவர்கள் கல்லைக் கும்பிடுவதையும் ஜாதி பார்ப்பதையும் முகத்தில் அடித்தாற்போல் கண்டித்துப் பாடியவர்கள். அவர்கள் சொன்னதைக் கேட்க ஆளில்லை. சித்தர் உட்கார்ந்த கல் என்று சொல்லி அதற்குச் சூடம் கொளுத்த மாத்திரம் ஆயிரம் பேர்! கல்லைக் கும்பிடாதே என்று சொன்ன கூட்டத்தாரின் பெயரையே கல்லாக்கி உண்டியல் வைத்த சாமர்த்தியத்தை என்னவென்று சொல்லுவது?

நிற்க, நாமக்கல் மலைக்கு வருவோம். அந்த மலையில் நரசிம்மருக்கு ஒன்றும், ரங்கநாதருக்கு ஒன்றுமாகக் குடைந்த இரண்டு குகைக்கோயில்கள் இருக்கின்றன. அங்குள்ள கல்வெட்டு, அதியர் குலத்துக் குணசீலன் என்ற அரசன் இதைச் செய்வித்தான் என்று சொல்லுகிறது. காலம் சுமார் 8-ம் நூற்றாண்டு. ஆகவே இது மனிதன் உளிகொண்டு வெட்டிய வேலை என்பதற்குக் கல்லே சாட்சி. ஆனால் வெயிலில் நின்று, கண்ணில் கல்துகள் விழ விழ, அவ்வளவு அருமையான சிற்பங்களைச் செதுக்கிய கல்தச்சன் பெயர் என்ன? தெரியாது. அரசன் பெயர் கல்லில் இருக்கிறது, சாமி பெயர் எல்லோர் வாயிலும் இருக்கிறது, உழைத்தவன் பெயர் மாத்திரம் எங்கும் இல்லை. அதுபோதாதென்று, உழைக்கிற ஜனங்களிலே கடைசியில் தள்ளப்பட்டவர்கள் கோவிலுக்குள் கால் வைக்க இந்த மாகாணத்தில் 1947-ம் வருஷத்தில் சட்டம் செய்ய வேண்டியிருந்தது. மலையைக் குடையக் கை வேண்டும், குடைந்த பிறகு ஆள் வேண்டாம் என்பதற்குப் பெயர்தான் பார்ப்பனியம்.

அநுமான் கதையைக் கணக்குப் போட்டே பார்ப்போம். அநுமான் திரேதாயுகத்து ஆசாமி. புராணக்காரர் கணக்குப்படி கலியுகத்தில் சென்றது சுமார் 5,100 வருஷம். துவாபரயுகம் 8,64,000 வருஷம். அதற்கு முந்திய திரேதாயுகம் 12,96,000 வருஷம். அப்படியானால் இன்றைக்குப் 15 லட்சம் வருஷத்துக்கு முந்திய காலம் திரேதாயுகத்தின் நடுவில் விழுகிறது. அந்தக் காலத்துச் சாமான்கள் தமிழ்நாட்டு மண்ணிலேயே கிடைத்திருக்கின்றன. சென்னைக்கு வடமேற்கே, கொசஸ்தலையாற்றுப் பக்கத்தில், அத்திரம்பாக்கம் என்ற ஊரில் தோண்டி எடுத்த கற்கருவிகள் சுமார் 15 லட்சம் வருஷத்துக்கு முந்தியவை என்று 2011-ல் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். கிடைத்தவை புஷ்பக விமானத்தின் சக்கரமா? மகுடமா? பிரம்மாஸ்திரமா? கையில் பிடித்துக்கொள்ளும் கல் கோடரி! அதைச் செய்ததும் நம்மைப் போன்ற மனிதனல்ல, நமக்கு முந்திய ஓர் இனம். நம் இனம் தோன்றியே சுமார் 3 லட்சம் வருஷந்தான் ஆகிறது. அப்படியிருக்க, மனிதனே தோன்றாத காலத்தில் வருணாசிரமம் இருந்தது எப்படி? யாகம் செய்தது யார்? தட்சிணை வாங்கினது யார்?

அத்திரம்பாக்கத்தை வெளிப்படுத்தினவர்களில் ஒருவர் ராபர்ட் புரூஸ் பூட் என்ற வெள்ளைக்காரர். 1863-ல் பல்லாவரத்தில் முதல் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தவர் அவரே. பிற்காலத்தில் நம் ஏற்காட்டிலேயே குடியிருந்து, 1912-ல் காலமானார். உலகம் உண்டாகி ஆறாயிரம் வருஷந்தான் ஆயிற்று என்று அவருடைய நாட்டுப் பாதிரிமார்களும் நெடுங்காலம் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். பூமிக்குள் கிடைத்த கல் அந்த வேதத்தையும் பொய்யாக்கிற்று. கல்லுக்கு மதம் இல்லை; தோண்டினால் உள்ளதைச் சொல்லும்.

சேர்வராயன் மலையில் இன்னொரு வகைக் கல்லும் கிடைக்கிறது. மூவாயிரம் முதல் ஐயாயிரம் வருஷங்களுக்கு முன் மனிதர் கருங்கல்லைத் தட்டி, பாறையில் வைத்துத் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாகக் கூர் தீட்டிய கோடரிகள். மரப்பிடியில் பொருத்தி மரம் வெட்டினார்கள், காடு திருத்தினார்கள். இக்கோடரிகளைக் கண்டெடுத்த மலைவாசிகள் மரத்தடியில் வரிசையாக வைத்துப் பிள்ளையார் என்று கும்பிட்டு வந்திருக்கிறார்கள். ஜவ்வாது மலையிலும் இப்படியே.

இதைக் கேட்டு, மலைவாசிகள் மூடர் என்று டவுன்காரர் யாரும் சிரிக்க வேண்டியதில்லை. அவர்கள் மூதாதை செய்த ஆயுதத்தையாவது பத்திரமாக வைத்திருந்தார்கள். நாமோ சாணியைப் பிடித்து வைத்துப் பிள்ளையார் என்கிறோம்! யாருடைய மூடத்தனம் பெரிது? பள்ளிக்கூடம் ஒழுங்காக நடந்து, இது உன் பாட்டன் கைவேலை என்று எடுத்துச் சொல்ல ஆள் இருந்திருந்தால், அம்மலைப் பிள்ளைகள் அக்கல்லைக் கும்பிட்டிருக்க மாட்டார்கள். பெருமையோடு கையில் எடுத்துப் பார்த்திருப்பார்கள்.

இப்படிப் பேசினால் மத உணர்ச்சி புண்படுகிறது என்பார்கள். உழைத்தவன் பெயரை மறைத்து, அவன் செய்த ஆயுதத்தைச் சாமியாக்கி, அவன் பேரனை அதன் முன் விழுந்து கும்பிட வைத்தபோது அவன் சுயமரியாதை புண்படவில்லையா? அந்தக் கோடரியைத் தேய்த்தவனுக்குப் பூணூல் இல்லை. அவன் காலத்தில் ஜாதி இருந்ததாக எந்தக் கல்லும் சொல்லவில்லை. நமது முன்னோன் கையினால் பிழைத்தான்; மந்திரத்தினால் அல்ல.

பிரெஞ்சு தேசத்தில் லாஸ்கோ என்ற குகையில் ஆதி மனிதன் வரைந்த சித்திரங்களை 1940-ல் கண்டார்கள். பார்க்க வருகிறவர்களின் மூச்சுக்காற்றால் சித்திரம் கெடுகிறது என்று தெரிந்ததும் 1963-ல் குகையையே மூடிவிட்டார்கள். நாமோ குகைக்குள் சூடப்புகையை ஏற்றி, எண்ணெயை ஊற்றி, சுவரில் காதலி பெயரைக் கிறுக்கிவிட்டு வருகிறோம்.

ஆதலால் தோழர்களே! குகைகளுக்குப் போங்கள், குழந்தை குட்டிகளோடு போங்கள். தேங்காய்க்குப் பதில் ஒரு விளக்கைக் கொண்டுபோங்கள். இது என்ன கல், யார் வெட்டினது, எப்போது வெட்டினது என்று கேளுங்கள். தேய்த்த கல் கண்ணில் பட்டால் கும்பிடவும் வேண்டாம், மூட்டை கட்டவும் வேண்டாம். கிடந்த இடத்தைக் குறித்துத் தொல்லியல் இலாகாவுக்குத் தெரிவியுங்கள். குகைக்குள் இருப்பது நம் பாட்டன் உழைப்பு. அதன் முன் குனிய வேண்டிய அவசியமில்லை. நிமிர்ந்து நின்று பார்க்க வேண்டும் என்பதே நமது வேண்டுகோள்.