கட்டடம் மட்டும் போதுமா?

1995 ஏப்ரலில், கம்பளத் தறியில் கொத்தடிமையாயிருந்து மீண்ட இக்பால் மசீஹ் என்ற சிறுவன் பாகிஸ்தானில் சுட்டுக் கொல்லப்பட்டான். ரொறன்ரோவை அடுத்த தோர்ண்ஹில்லில் அச்செய்தியைப் பத்திரிகையிற் கண்ட கிரெய்க் கீல்பேர்கர் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன் வகுப்புத் தோழர்களைக் கூட்டி ஓர் இயக்கத்தைத் தொடங்கினான். அது பின்னர் கென்யாவின் மசாய் மாரா கிராமங்கள் வரை சென்று பாடசாலைகளை எழுப்பியது.

அம்முயற்சியில் எம்மவர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நீர் சுமக்கும் சிறுமிக்கு வகுப்பறை இருந்தும் பயனில்லை. ஆகவே பாடசாலையோடு குடிநீரும், மருத்துவ வசதியும், தாய்மாருக்கு வருவாய் தரும் தொழிலும் சேர்க்கப்பட்டன.

2020 இல் மத்திய அரசு போட்டிக் கேள்விகோரலின்றி மாணவர் தொண்டுத் திட்டமொன்றை அந்நிறுவனத்திடம் ஒப்படைக்கப் புறப்பட்டது. எழுந்த சர்ச்சையில் திட்டம் கைவிடப்பட்டது. கனடாவில் பணிகளை முடித்துக்கொள்வதாக நிறுவனமும் அறிவித்தது. மறு ஆண்டு, கொடையாளர் பணத்தில் கென்யாவில் எழுந்த பாடசாலைகள் எத்தனை என்று சீ.பீ.சீ. தொலைக்காட்சி கேள்வி எழுப்பியது. நிறுவனம் அதை மறுத்து வழக்குத் தொடுத்தது. யார் பக்கம் நியாயம் என்று இங்கே தீர்ப்புக் கூற நாம் வரவில்லை. கேட்கப்பட்ட கேள்வியே எமக்கு முக்கியம்.

ஏனெனில், ஸ்காபரோ மண்டபங்களில் பழைய மாணவர் சங்கங்கள் இராப்போசன விருந்து நடத்தித் திரட்டும் பணமும் ஊர்ப் பாடசாலைக்கே போகிறது. தொழிற்சாலையில் இரவு வேலை செய்து கொடுத்த பணம் அது. அதில் நுழைவாயில் வளைவு எழுகிறது. கொடுத்தோர் பெயர் கல்லிற் பொறிக்கப்படுகிறது. (பெயரின் எழுத்தளவு பற்றி நிகழ்ந்த சண்டைகளையும் நாம் அறிவோம்.) கணிதத்துக்கு ஆசிரியர் இல்லாத வன்னிப் பாடசாலைக்குக் கணினி அனுப்பி என்ன பயன்? ஒழுகும் கூரையின் கீழும் விரிவுரை செய்து பழகியவர்கள் நாம். ஆசிரியர் இல்லாமல் வகுப்பு நடந்ததாக அறியோம்.

1923 இல் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கத்தின் வாயிலாகக் கிராமங்கள் தோறும் பாடசாலை கண்ட சட்டத்தரணி சு. இராசரத்தினம் இதை உணர்ந்திருந்தார். திருநெல்வேலியில் ஆசிரியர் பயிற்சிக்கும் அவர் வழி செய்தார்.

அடுத்த கலைமாலைக்குச் சீட்டு விற்க வருவோரிடம் வாசகர்கள் சென்ற ஆண்டின் கணக்கைக் கேட்டு வாங்கவேண்டும். ஊரிலே ஒரு தொண்டர் ஆசிரியருக்கு மாதந்தோறும் படி கொடுக்கச் சங்கம் இசையுமா என்றும் கேட்கவேண்டும். இசையும் சங்கங்களின் கணக்கை இப்பத்திரிகை கட்டணமின்றி வெளியிடும்.