வீட்டுக் கணக்கு: விளையாட்டுப் பெட்டியா, கணினியா?

பேராக் மாநிலத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். கணவர் செம்பனைக் குலை வெட்டுகிறவர். மூத்த மகன் நான்காம் படிவம். இளையவள் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு. "இரண்டு வருடமாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த 2,000 வெள்ளி கையில் இருக்கிறது. மகன் 'கேமிங் பி.சி.'தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். அவன் அப்பாவோ, ஈப்போவில் தம்பி வீட்டில் இருப்பதுபோல் பிளேஸ்டேஷன் வாங்கித் தொலைக்காட்சியில் மாட்டிவிடலாம் என்கிறார். வீட்டில் கணினி கிடையாது. பிள்ளைகளின் பள்ளி வேலையெல்லாம் என் கைப்பேசியில்தான் நடக்கிறது. எதை வாங்குவது, ஐயா?" என்று கேட்கிறார்.

விளையாட்டுச் சாமானுக்கா இத்தனை யோசனை என்று சிலர் நினைக்கலாம். 2025 பிப்ரவரியில் நம் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. அதை வைத்துப் பார்த்தால் இந்தப் பணம் ஒரு மாத உழைப்புக்கும் மேல். ஆகவே யோசிக்கத்தான் வேண்டும், சகோதரி.

முதலில் உங்கள் கணவர் கட்சியைக் கேட்போம். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், நிண்டெண்டோ சுவிட்ச் போன்ற பெட்டிகள் விளையாட்டுக்கென்றே செய்யப்பட்டவை. விளையாட்டைத் தயாரிப்பவர்களும் அந்த ஒரே பெட்டிக்கு ஏற்றபடி அதைச் சீர்செய்து விடுகிறார்கள். 2,000 வெள்ளியில் புதிதாகக் கட்டும் கணினி எதுவும் பிளேஸ்டேஷன் 5 காட்டும் படத்தின் கிட்டே வராது. கம்பியை மாட்டினால் ஓடும்; அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு பிடியை எடுத்துக்கொண்டு உட்காரலாம். வட்டில் வரும் விளையாட்டு என்றால் முடித்த பிறகு விற்கலாம், மாற்றிக்கொள்ளலாம். எண்பதுகளில் ஒரே வீடியோ கேசட் லயம் முழுக்கச் சுற்றி வந்ததே, அதுபோல ஈப்போ சித்தப்பா வீட்டு வட்டு உங்கள் வீட்டுக்கும் வரும்.

ஆனால் பெட்டியின் விலை வாசற்படிதான். வட்டு போடும் பிளேஸ்டேஷன் 5 புதிதாக வாங்கினால் 2,000 வெள்ளியைத் தாண்டும். பெரிய நிறுவனத்தின் புதிய விளையாட்டு ஒன்று 300 வெள்ளியை ஒட்டி நிற்கும். காசு கொடுத்து வாங்கிய விளையாட்டை நண்பர்களோடு இணையத்தில் ஆட வேண்டுமானால் ஆண்டுச் சந்தா வேறு. அதுவும் நூறு வெள்ளிக்கு மேல். (ஃபோர்ட்நைட், வாலரண்ட் போன்ற இலவச விளையாட்டுகளுக்குப் பிளேஸ்டேஷனில் சந்தா தேவையில்லை.) கொஞ்சம் பொறுத்தால் விலை இறங்கும் என்ற பழைய கணக்கும் இப்போது பலிப்பதில்லை. 2020இல் வந்த பிளேஸ்டேஷன் 5இன் விலையை 2022இல் பல நாடுகளில் கூட்டினார்கள்; 2025இல் மறுபடியும் பல இடங்களில் கூட்டினார்கள்.

தோட்டத்தில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. சற்று மலிவாக, வட்டு போடும் வாயே இல்லாத 'டிஜிட்டல்' பெட்டி ஒன்றைக் கடைக்காரர் காட்டுவார். அதற்கு எல்லா விளையாட்டையும் இணையத்திலிருந்துதான் இறக்க வேண்டும். பெரிய விளையாட்டுகள் சில 100 ஜி.பி.யைத் தாண்டுகின்றன. விநாடிக்கு 10 மெகாபிட் வேகம் கிடைத்தாலும் 100 ஜி.பி. இறங்க 22 மணி நேரத்துக்கு மேல் ஆகும். கைப்பேசி டேட்டாவை நம்பி இதில் இறங்க முடியுமா? வீட்டுக்கு ஃபைபர் வராதவரை டிஜிட்டல் பெட்டி வேண்டாம் என்பேன். சுவிட்ச் 2இலும் சில அட்டைகளுக்குள் விளையாட்டே இருப்பதில்லை, இறக்கிக்கொள்ள ஒரு திறவுகோல் மட்டுமே இருக்கும். அட்டைப்பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்க வேண்டும்.

இனி மகன் கட்சி. டோட்டா 2, கவுண்டர்-ஸ்டிரைக் 2 இரண்டும் இலவசம். இரண்டும் கணினியில் மட்டுமே ஓடுபவை. கணினியில் இணையத்தில் ஆடச் சந்தா கிடையாது. ஸ்டீம் கடையில் விலை நம் வெள்ளியிலேயே போட்டிருக்கும். தள்ளுபடிக் காலத்தில் பழைய நல்ல விளையாட்டுகள் பத்து, இருபது வெள்ளிக்குக்கூட வரும். ஆனால் கணினியிலும் விளையாட்டை இறக்கித்தான் ஆக வேண்டும். ஃபைபர் உள்ள உறவினர் வீட்டுக்கு ஒரு நாள் பெட்டியைக் கொண்டுபோய் இறக்கிக்கொண்டு வருவது ஒரு வழி.

தம்பி காட்டிய விளம்பரம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். கண்ணாடிப் பக்கம், வானவில் விளக்கு, நாலைந்து காற்றாடி, "ஐ7" என்று கொட்டை எழுத்து. அந்த ஐ7 எந்த வருடத்தது என்று கேளுங்கள். 2011இல் வந்ததும் ஐ7தான். கிராஃபிக்ஸ் கார்டும் அப்படியே. எதீரியம் என்ற மின்காசைக் கணக்குப்போட்டு எடுக்க இரவு பகலாக ஓடிய கார்டுகள், 2022 செப்டம்பரில் அந்த முறை மாற்றப்பட்டதும் பழைய பொருள் சந்தையில் வந்து குவிந்தன. அவற்றைத் துடைத்துப் புதுப்பெட்டியில் மாட்டினால் யாருக்குத் தெரியும்? மின்சாரம் வழங்கும் உள்பெட்டி பெயர் தெரியாத சரக்காக இருந்தால், அது போகும்போது மற்றதையும் கூட்டிக்கொண்டு போகும். விளக்குக்குக் கொடுக்கும் காசு வீண் காசு.

இரண்டு கட்சியும் சொல்லாத மூன்றாவது வழி ஒன்று உண்டு. அலுவலகங்கள் பயன்படுத்திக் கழித்த கணினிகளைச் சுத்தம் செய்து, சில மாத உத்தரவாதத்தோடு விற்கும் கடைகள் பட்டணங்களில் இருக்கின்றன. டெல், எச்.பி., லெனோவோ நிறுவனங்களின் கறுப்புப் பெட்டிகள். பார்க்க அழகிருக்காது, ஆனால் உழைக்கப் பிறந்தவை. விலை கடைக்குக் கடை மாறும். நினைவகச் சில்லு 2025 கடைசியிலிருந்து விலை ஏறியிருக்கிறது. அப்படியிருந்தும் பெரும்பாலும் 1,000 வெள்ளியை ஒட்டி முடித்துவிடலாம்.

இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான பாதுகாப்பு 2025 அக்டோபர் 14உடன் நின்றுவிட்டது. விண்டோஸ் 11ஐ முறைப்படி ஏற்காத பழைய பெட்டிகளை அலுவலகங்கள் தள்ளிவிடுகின்றன; அவைதான் மிக மலிவாகக் கிடைக்கும். எப்படிக் கண்டுபிடிப்பது? இன்டெல் கோர் ஐ5 என்பதற்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். 6500, 7500 என்றால் வேண்டாம். 8500, 9500 என்றால் சரி. 10400 போல ஐந்து இலக்கமாக இருந்தால் இன்னும் நல்லது. ராம் 16 ஜி.பி., சேமிப்புக்கு எஸ்.எஸ்.டி. இருக்கட்டும். ஒல்லிப் பெட்டியை எடுக்காதீர்கள், உயரமான 'டவர்' பெட்டியைக் கேளுங்கள். ஒல்லிப் பெட்டிக்குள் அரை உயரக் கார்டு மட்டுமே நுழையும். தேடிப் பிடிப்பது சிரமம்.

கார்டு பிறகு வாங்கலாம். இந்த அலுவலகப் பெட்டிகளில் கார்டுக்குத் தனி மின்கம்பி பெரும்பாலும் இராது. பலகையிலுள்ள பொருத்துவாய் தரும் 75 வாட்டில்தான் அது ஓட வேண்டும். ஜி.டி.எக்ஸ். 1650இல் தனிக் கம்பி கேட்காத வகைகள் உண்டு, ஆர்.டி.எக்ஸ். 3050இல் 6 ஜி.பி. வகை 70 வாட்டில் ஓடும். கடைக்காரரிடம் "தனிக் கம்பி வேண்டாத கார்டு" என்று கேட்டாலே புரிந்துகொள்வார். பிளேஸ்டேஷன் 5 அளவுக்குப் படம் வராது. ஆனால் வாலரண்ட், டோட்டா, பந்து விளையாட்டு எல்லாம் தாராளமாக ஓடும்.

உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது இதைத்தான். மகன் அடுத்த ஆண்டு எஸ்.பி.எம். எழுதப் போகிறான், ஃபோலியோ தயாரிக்கவும் டெலிமா தளத்தில் பாடம் பார்க்கவும் ஒரு தாயின் கைப்பேசியை இரண்டு பிள்ளைகள் பங்குபோட்டுக்கொள்வது போதாது. அலுவலகக் கணினியை இப்போதே வாங்குங்கள். மீதிப் பணத்தைத் தொடாமல் மூன்று மாதம் ஓட்டிப் பாருங்கள். அதற்குள் பையனுக்கே எது போதவில்லை என்று தெரிந்துவிடும். "எஸ்.பி.எம். முடித்தால்தான் கார்டு" என்று மட்டும் கட்டிப்போட வேண்டாம், அதன்பின் வீட்டில் தினமும் பேரம்தான் நடக்கும். கணினியைத் தொலைக்காட்சியிலேயே மாட்டலாம். என்றாலும் இரவு நாடக நேரத்தில் யார் விட்டுக்கொடுப்பது? பழைய படத்திரை ஒன்று நூறு, இருநூறு வெள்ளிக்குக் கிடைக்கும். அதையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

வீட்டில் ஏற்கெனவே பள்ளி வேலைக்கு ஒரு மடிக்கணினி இருந்திருந்தால் உங்கள் கணவர் பக்கமே தீர்ப்புச் சொல்லியிருப்பேன். வெறும் விளையாட்டுக்கு மட்டும் என்றால் கொடுத்த காசுக்குப் பெட்டிதான் கெட்டி.

தவணைக்கு மட்டும் போகாதீர்கள். மாதம் 120 வெள்ளிதானே என்று கேட்பார்கள். 24 மாதம் கட்டினால் 2,880. இடி மின்னல் தொடங்கியதும் மின்கம்பியைப் பிடுங்கிவிடும்படி பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. கடையிலேயே பெட்டியைப் போட்டு அரை மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். ரசீதில் உத்தரவாதம் எத்தனை மாதம் என்று எழுதி வாங்குங்கள். பையனையும் கூட அழைத்துப் போங்கள். அந்த எண்ணை உங்களைவிட வேகமாக அவன் படிப்பான்.

கடிதத்தின் கடைசி வரியில், "சின்னவள் மைன்கிராஃப்ட் கேட்கிறாள், அதற்கு என்ன வாங்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். விளையாட்டுக்கு மட்டும் ஒருமுறை காசு கட்ட வேண்டும். மற்றபடி அந்த அலுவலகக் கணினியே போதும். கார்டு இல்லாமலே ஓடும்.